பேரண்டத்தின் எண்கள்: நம்பகமாக எடுப்பது எப்படி?

பேரண்டத்தின் வயதைக் கணக்கிட ஒரு சின்ன நிரல் எழுதியபோது விடை சுமார் 1270 கோடி ஆண்டுகள் என்று வந்தது. வர வேண்டியது ஏறத்தாழ 1380 கோடி. இரண்டு நாள் நிரலுக்குள் பிழை தேடினேன். அங்கே எதுவும் இல்லை. பேரண்டம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலியை ஓர் ஆய்விலிருந்தும் (73.04), மொத்த அடர்த்தியில் பருப்பொருளின் பங்கை இன்னோர் ஆய்விலிருந்தும் (0.315) எடுத்திருந்தேன். தனித்தனியே இரண்டும் நல்ல அளவீடுகள்தான். ஒன்றாகப் போட்டதுதான் தப்பு.

படி 1: மூலத்துக்குப் போங்கள்

பேரண்டத்தின் தொடக்க காலத்து ஒளியான நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோள் குழுவின் 2018 முடிவுகளில் ஆறாவது கட்டுரை. ஆய்வுக் கட்டுரைகளைச் சேமிக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் 1807.06209 என்று தேடினால் இலவசமாகக் கிடைக்கும். அதில் அட்டவணை 2 போதும். இன்னும் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்க, துகள் தரவுக் குழு வெளியிடும் மீளாய்வில் அண்டவியல் அளவுருக்கள் பற்றிய அத்தியாயத்தைப் படியுங்கள். எந்த அளவீடு எதோடு ஒத்துப்போகிறது என்று அவர்கள் அலசிச் சொல்லும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆண்டு குறிப்பிடாமல் எண்களை மட்டும் அடுக்கும் பக்கங்களை நான் தொடுவதே இல்லை.

படி 2: ஒரே நெடுவரிசை

அந்த அட்டவணையில் பல நெடுவரிசைகள் உண்டு. ஒவ்வொன்றும் வேறு தரவுக் கலவை. நான் எடுப்பது கடைசிக்கு முந்தையது: அந்தப் பின்னணி ஒளியின் வெப்பநிலை, முனைவாக்கம் (அலை அதிரும் திசை), ஈர்ப்பு வில்லை விளைவு (ஈர்ப்பால் ஒளி வளைவது) மூன்றும் சேர்ந்தது. ஹபிள் மாறிலி 67.36 ± 0.54 (மெகாபார்செக்குக்கு, நொடிக்கு கிலோமீட்டர்), பருப்பொருள் 0.3153, இருள் ஆற்றல் 0.6847, வயது 1379.7 கோடி ஆண்டுகள். கடைசி நெடுவரிசையில் பேரியான் ஒலி அலைவுகளும் (விண்மீன் மண்டலங்களின் பரவலில் தெரியும் பழைய ஒலி அலைகளின் தடம்) சேரும். அங்கே ஹபிள் மாறிலி 67.66. எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் முழுதாக எடுங்கள்.

படி 3: எச்-வர்க்கம்

இங்கே நிதானமாகப் போகலாம். சாதாரணப் பொருளுக்கு அட்டவணை தரும் எண் 0.02237. அப்படியானால் பேரண்டத்தில் 2.2 விழுக்காடுதான் சாதாரணப் பொருள் என்று எழுதிவிடத் தோன்றும். நானும் எழுதினேன். அந்த எண் வெறும் அடர்த்திப் பங்கு அல்ல, எச்-வர்க்கத்தால் பெருக்கியது. எச் என்பது ஹபிள் மாறிலியை 100ஆல் வகுத்தது, அதாவது 0.6736. அதன் வர்க்கம் 0.4537. 0.02237ஐ இதால் வகுத்தால் 0.0493. ஆக, 4.9 விழுக்காடு.

இருள் பொருளுக்கும் இதேதான்: 0.1200ஐ வகுத்தால் 0.2645. இப்போது இரண்டையும் கூட்டுங்கள். 0.3138 வரும். அட்டவணையோ 0.3153 என்கிறது. மீதி 0.0015 எங்கே? பெரும்பகுதி நியூட்ரினோக்களிடம், அவற்றின் மொத்த நிறை 0.06 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்துத்தான் குழு கணக்கிட்டது. மிச்சம் தசம முழுமையாக்கத்தில் வரும் வித்தியாசம். இந்தக் கூட்டலை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்த பிறகுதான் அட்டவணை எனக்குப் பிடிபட்டது.

படி 4: நிரலில்

எண்களைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். பைத்தானில் ஆஸ்ட்ரோபை நூலகத்தின் அண்டவியல் பகுதியில் பிளாங்க்18 என்ற தொகுப்பு தயாராக இருக்கிறது. வயதைக் கேட்டால் 1379 கோடியை ஒட்டி வர வேண்டும். பழைய ஆய்வுகளோடு ஒப்பிட பிளாங்க்15, டபிள்யூமேப்9 தொகுப்புகளும் உண்டு.

பின்சேர்க்கை 1: ஆஸ்ட்ரோபையில் பருப்பொருள் 0.30966 என்றும் கட்டுரையில் 0.3111 என்றும் இருப்பதாகச் சிலர் கேட்டிருந்தார்கள். இரண்டும் கடைசி நெடுவரிசைக்கு உரியவைதான். ஆஸ்ட்ரோபை நியூட்ரினோக்களைத் தனியாக வைத்துக்கொள்கிறது. படி 3இல் பார்த்த அதே மீதி.

பின்சேர்க்கை 2: அப்படியானால் 73.04 தவறா? இல்லை. அது செஃபீட் எனும் துடிக்கும் விண்மீன்களையும் மீவிண்மீன் வெடிப்புகளையும் (சூப்பர்நோவா) கொண்டு அளந்தது, 2022இல் வெளியானது. பிழை வரம்பு ± 1.04. இந்த முறைக்கும் பிளாங்க் முறைக்கும் இடையிலான விலகலுக்கு இன்னும் ஒருமித்த விளக்கம் கிடையாது. எந்த மதிப்பை எடுத்தீர்கள் என்று உங்கள் கணக்கின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: இருள் ஆற்றல் காலப்போக்கில் மாறக்கூடும் என்ற குறிப்பு 2025இல் விண்மீன் மண்டலங்களை வரைபடமாக்கும் டெசி (DESI) திட்டத்தின் அளவீடுகளில் வலுத்திருக்கிறது. இன்னும் உறுதியாகவில்லை. மேலே உள்ள எண்கள் எல்லாம் அது மாறாது என்று கொண்டு கிடைத்தவை.