கிரெடிட் கார்டு பாயின்ட்டில் பயணம்: சென்னையில் இருந்து புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பாயின்ட் வைத்தே ஃப்ளைட் டிக்கெட் எடுக்கலாம் என்று யாராவது சொன்னதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கார்டு வாங்கலாம்?" அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்த ஊருக்கு, யார் யார், எந்த மாதத்தில் போகப்போகிறீர்கள் என்பது தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். மாதம் ஒருமுறை கோயம்புத்தூருக்கு வந்தே பாரத்தில் போய்வருகிறவருக்கும், வருடத்துக்கு ஒருமுறை சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் அம்மாவுக்கும் ஒரே கார்டு சரிப்படாது.

படி 1: முழு பில்லையும் கட்ட முடியுமா என்று பாருங்கள்

முடியாது என்றால் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். மாதம் 40,000 ரூபாய் கார்டில் செலவு, 150 ரூபாய்க்கு 4 பாயின்ட், ஃப்ளைட்டுக்குப் பயன்படுத்தினால் ஒரு பாயின்ட் 50 பைசா என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்குச் சுமார் 1,066 பாயின்ட் வரும், அதாவது 533 ரூபாய். அதே 40,000 ரூபாயைக் கட்டாமல் ஒரு மாதம் இழுத்தடித்தால், மாதம் 3.5 சதவீத வட்டியில் 1,400 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 252 ரூபாய், ஆக 1,652 ரூபாய் போய்விடும். மூன்று மாதம் சேர்த்த பாயின்ட் ஒரே மாத வட்டிக்குக் காணாது.

இன்னொன்று, 'மினிமம் ட்யூ', அதாவது பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் அபராதம் வராது, வட்டி வரும். அந்த வட்டியும் ட்யூ தேதியில் இருந்து இல்லை, பொருள் வாங்கிய நாளில் இருந்தே. அதோடு, பாக்கி முழுசாகத் தீரும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. அதனால் கார்டு கைக்கு வந்த அன்றே 'மொத்த பாக்கி' என்பதைத் தேர்ந்தெடுத்து ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். சம்பளம் 1-ஆம் தேதி, பில் தேதி 25 என்று இடிக்கிறதா? பில்லிங் தேதியை ஒருமுறையாவது மாற்றித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இதுவரை கடனே வாங்காதவர்கள், சிபில் ஸ்கோரே (கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று காட்டும் மதிப்பெண்) இல்லாதவர்கள், ஃபிக்சட் டெபாசிட் போட்டு அதை ஈடாகக் காட்டி ஒரு கார்டு வாங்கலாம். அதில் ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டி, லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவை வைத்துக்கொண்டால் ஸ்கோர் தானாக ஏறும். 750-க்கு மேல் போனபிறகு பயணக் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரே வாரத்தில் நாலு வங்கிக்கு விண்ணப்பம் போடாதீர்கள், ஒவ்வொன்றும் ஸ்கோரைக் கொஞ்சம் கீழே இழுக்கும்.

படி 2: ஊரை முடிவு செய்யுங்கள்

சென்னைக்காரர்களில் பாதிப்பேருக்குப் பயணம் என்றாலே தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவதுதான். உங்களுக்கும் அப்படித்தான் என்றால் ஏர்லைன் மைல் (விமான நிறுவனங்களின் சொந்த பாயின்ட்) பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க வேண்டாம். ஐ.ஆர்.சி.டி.சி. பெயரில் வரும் ரயில் கார்டு ஒன்று போதும். உதாரணமாக, ஐ.ஆர்.சி.டி.சி. எஸ்.பி.ஐ. கார்டில் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலேயே ஏசி வகுப்பு, சேர்கார் டிக்கெட் எடுத்தால் 10 சதவீதம் வரை பாயின்ட்டாகத் திரும்பி வரும், ஒரு பாயின்ட்டை ஒரு ரூபாயாக அடுத்த டிக்கெட்டில் கழித்துக்கொள்ளலாம். எழும்பூர் - திருநெல்வேலி வந்தே பாரத் சேர்காரில் குடும்பமாகப் போகிறவர்களுக்கு இது நன்றாகவே கட்டுபடியாகும். ஸ்லீப்பரில் போகிறவர்களுக்கு அந்த 10 சதவீதம் கிடையாது, அவர்களுக்குச் சாதாரண கேஷ்பேக் கார்டே மேல்.

ஆனால் ஒன்று: பாயின்ட் காசை மிச்சப்படுத்தும், சீட்டு பிடித்துத் தராது. கையில் எத்தனை பாயின்ட் இருந்தாலும் பொங்கலுக்குப் பாண்டியனில் பெர்த் வேண்டும் என்றால், முன்பதிவு திறக்கும் 60-ஆவது நாள் காலையில் எல்லாரோடும் சேர்ந்து நீங்களும் மல்லுக்கட்டத்தான் வேண்டும்.

சென்னை - டெல்லி, சென்னை - மும்பை மாதிரி உள்நாட்டு ஃப்ளைட் என்றால், வங்கியின் சொந்த பயண போர்ட்டலில் பாயின்ட்டை ரூபாயாகக் கழிக்கும் கார்டு பார்க்க வேண்டும். வெளிநாடு என்றால், பாயின்ட்டை ஏர்லைனின் மைலாக மாற்றித் தரும் கார்டு. அந்த வசதி எல்லாக் கார்டிலும் இருக்காது, ஆண்டுக் கட்டணம் கொஞ்சம் கனமாக உள்ள கார்டுகளில்தான் பெரும்பாலும் இருக்கும்.

படி 3: ஒரு பாயின்ட் எத்தனை பைசா?

இந்த ஒரு கணக்கு கைவந்துவிட்டால் மீதி எல்லாம் சில்லறை விஷயம். 'பத்து மடங்கு பாயின்ட்' என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஒரு பாயின்ட் 20 பைசாவா ஒரு ரூபாயா என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

ஒரே கார்டிலேயே ஒரே பாயின்ட்டுக்கு மூன்று நாலு விலை இருக்கும். பில்லில் கழித்தால் ஒரு விலை, கேட்டலாக்கில் மிக்சியும் சூட்கேசும் வாங்கினால் ஒரு விலை, ஃப்ளைட்டும் ஹோட்டலும் எடுத்தால் ஒரு விலை. பெரும்பாலும் பில்லில் கழிப்பதுதான் மிகக் குறைவு. மேலே சொன்ன அதே 1,066 பாயின்ட்டை 20 பைசா கணக்கில் பில்லில் கழித்தால் 213 ரூபாய்தான். செலவில் 1.33 சதவீதம் திரும்பி வர வேண்டியது 0.53 ஆகிவிடுகிறது. அப்படிக் கழிக்கத்தான் போகிறீர்கள் என்றால் உங்களுக்குப் பயணக் கார்டே தேவையில்லை. அமேசான் பே ஐ.சி.ஐ.சி.ஐ. மாதிரி ஆண்டுக் கட்டணமே இல்லாத கார்டு ஒன்று, பெரும்பாலான செலவுகளுக்கு 1 சதவீதமும், அமேசானில் பிரைம் உறுப்பினருக்கு 5 சதவீதமும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

ஆண்டுக் கட்டணத்தையும் இதில் சேருங்கள். 2,500 ரூபாய் என்று போட்டிருந்தால் ஜி.எஸ்.டி. சேர்த்து 2,950. வருடத்துக்கு இவ்வளவு செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி என்று ஒரு இலக்கு பல கார்டுகளில் உண்டு. உங்கள் வழக்கமான செலவிலேயே அது எட்டினால் சரி, அதற்காகவே புது டிவி வாங்கினால் யாருக்கு லாபம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 4: சேர்ப்பது

எப்படியும் செய்கிற செலவைக் கார்டுக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான். மளிகை, காய்கறி, மருந்து, ஸ்விக்கி, பிள்ளைகளின் துணிமணி, ஹோட்டல் சாப்பாடு. வீட்டில் மனைவி, கணவர், பெற்றோருக்குக் கூடுதல் கார்டு வாங்கிக் கொடுத்தால் எல்லார் செலவும் ஒரே கணக்கில் பாயின்ட்டாகச் சேரும். தனித்தனியாக நாலு கார்டில் சிதறி எதற்கும் உதவாமல் கிடப்பதைவிட இது நல்லது.

எதற்கெல்லாம் பாயின்ட் வராது என்பது இங்கே முக்கியம். பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது, வாடகை, அரசுக்குக் கட்டும் வரிகள், இதெல்லாம் பெரும்பாலான கார்டுகளில் வெளியே. ஈ.பி. பில், இன்சூரன்ஸ் பிரீமியம் போன்றவற்றுக்குச் சில கார்டுகளில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு, சிலவற்றில் சுத்தமாக இல்லை. ஈ.எம்.ஐ.யாக மாற்றினால் பல கார்டுகளில் பாயின்ட்டும் போகும், பிராசஸிங் கட்டணமும் வரும். ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்து டீக்கடையில் ஸ்கேன் செய்வது வசதிதான், ஆனால் யு.பி.ஐ. செலவுக்குப் பாயின்ட் உண்டா என்று உங்கள் கார்டின் விதிமுறையில் தனியாகப் பார்க்க வேண்டும்.

சின்னதாக ஒரு நுணுக்கம். '150 ரூபாய்க்கு 4 பாயின்ட்' என்றால் சில வங்கிகள் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாக 150-ஆல் வகுத்து மிச்சத்தைத் தள்ளிவிடும். 140 ரூபாய்க்குத் தேய்த்தால் பூஜ்யம், 290-க்குத் தேய்த்தால் 4 பாயின்ட்தான். சின்னச் சின்னதாகப் பத்துத் தடவை வாங்குவதை ஒரே தடவையில் வாங்கினால் பாயின்ட் கூடும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் லேப்டாப் வாங்கப் போனாலோ, தி. நகரில் நகை எடுக்கப் போனாலோ "கார்டுன்னா 2 பெர்சன்ட் எக்ஸ்ட்ரா சார்" என்று சொல்லும் கடைகள் உண்டு. உங்கள் பாயின்ட்டின் மதிப்பு 1.33 சதவீதம். 2 கொடுத்து 1.33 வாங்க வேண்டுமா? பேசாமல் யு.பி.ஐ.யில் வங்கிக் கணக்கில் இருந்து கட்டிவிட்டு வாருங்கள்.

வேகமாகச் சேர்க்க ஒரே உருப்படியான வழி, வங்கியின் போர்ட்டல் வழியாக வவுச்சர் வாங்குவது. ஹெச்.டி.எஃப்.சி.க்கு ஸ்மார்ட்பை இருக்கிற மாதிரி வேறு வங்கிகளுக்கும் இருக்கிறது. நீங்கள் எப்படியும் வாங்கும் கடையின் வவுச்சரை அங்கே வாங்கினால் சில மடங்கு பாயின்ட் கிடைக்கும், மாத உச்சவரம்போடு. வவுச்சருக்குக் காலாவதி தேதி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

படி 5: பாயின்ட்டைப் பயணமாக மாற்றுவது

போர்ட்டல் வழி எளிது. லாகின் செய்து, ஃப்ளைட் தேடி, கட்டணப் பக்கத்தில் பாயின்ட்டைக் கழிக்கச் சொன்னால் முடிந்தது. பல கார்டுகளில் முழுத் தொகையையும் பாயின்ட்டிலேயே கட்ட விடமாட்டார்கள், ஒரு பகுதி ரூபாயில் கட்ட வேண்டும். செய்ய வேண்டிய ஒரே வேலை, பக்கத்து விண்டோவில் ஏர்லைனின் சொந்த தளத்தைத் திறந்து அதே ஃப்ளைட்டின் விலையைப் பார்ப்பது. போர்ட்டலில் 600 ரூபாய் அதிகமாக இருந்தால், நீங்கள் கழித்த 1,200 பாயின்ட் அதற்கே சரியாகப் போயிற்று. ஹோட்டலில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்கும்.

மைலாக மாற்றுவதுதான் ருசியான பகுதி. சிக்கலும் அங்கேதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர், ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப், பிரிட்டிஷ் ஏர்வேஸும் கத்தார் ஏர்வேஸும் பயன்படுத்தும் ஏவியோஸ், இவையெல்லாம் சென்னையில் இருந்து நேரடியாகப் பறக்கும் ஏர்லைன்களின் திட்டங்கள் என்பதால் நமக்கு உதவும். முதலில் ஏர்லைன் தளத்தில் இலவசமாக உறுப்பினர் ஆகுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும். இனிஷியலா, அப்பா பெயரா, சர்நேம் கட்டத்தில் என்ன போடுவது என்று நம் ஊர்ப் பெயர்களுக்கு எப்போதும் ஒரு குழப்பம் இருக்கும், அதை இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். கார்டில் ஒரு பெயர், ஏர்லைனில் ஒரு பெயர் என்றால் மாற்றம் நின்றுபோகலாம்.

அப்புறம் கணக்கு. டிக்கெட்டின் ரூபாய் விலையில் இருந்து, மைலில் எடுத்தாலும் கையில் இருந்து கட்ட வேண்டிய வரி, சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம் இரண்டையும் கழியுங்கள். வருவதைத் தேவையான மைலால் வகுங்கள். உதாரணத்துக்கு, சிங்கப்பூர் போய்வர ஜூலையில் 24,000 ரூபாய், வரி 6,000, தேவை 40,000 மைல் என்றால் ஒரு மைல் 45 பைசா. போர்ட்டலிலேயே 50 பைசா கிடைக்கும் பாயின்ட்டை எதற்கு மாற்ற வேண்டும்? அதே டிக்கெட் மே மாதப் பள்ளி விடுமுறையில் 42,000 ஆகி, வரி 7,000 என்றால், மைல் 87.5 பைசா. இப்போது மாற்றலாம். ஆனால் அந்த மாதிரி நாட்களில் மைலுக்கு ஒதுக்கும் சீட்டு சீக்கிரம் காலியாகும், அதனால் பல மாதம் முன்பே தேட ஆரம்பிக்க வேண்டும். (ஒரு பாயின்ட்டுக்கு ஒரு மைல் என்ற கணக்கில் சொல்கிறேன். உங்கள் கார்டில் இரண்டுக்கு ஒன்று என்றால் விடையைப் பாதியாக்குங்கள்.)

பிரிட்டிஷ் ஏர்வேஸில் சென்னை - லண்டன் நேரடியாகப் போகலாம், ஆனால் மைல் டிக்கெட்டிலும் சர்சார்ஜ் கனமாக இருக்கும். கொழும்பு மாதிரிப் பக்கத்து ஊருக்கு, பிரிட்டிஷ் ஏர்வேஸோடு ஒன்வேர்ல்டு என்ற ஏர்லைன் கூட்டணியில் இருக்கும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் ஏவியோஸைப் பயன்படுத்தும் வழியும் இருக்கிறது. அதுபோல ஏர் இந்தியாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்டார் அலையன்ஸ் என்ற கூட்டணியில் இருப்பதால், ஒன்றின் மைலில் இன்னொன்றில் சீட்டு தேடலாம். ஹோட்டலுக்கு மாற்றுவதாக இருந்தால் அக்கோர் என்ற ஹோட்டல் குழுமத்தின் திட்டம் எளிது: அவர்களுடைய 2,000 பாயின்ட்டுக்கு 40 யூரோ, மண்டை உடைய வேண்டாம்.

மிக முக்கியமானது இது: சீட்டு இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் பாயின்ட்டை மாற்றாதீர்கள். மாற்றியதைத் திருப்ப முடியாது. சில திட்டங்களில் மைல் உடனே வரும், சிலவற்றில் பல நாள் ஆகும், அதற்குள் சீட்டு போகவும் கூடும். அதே சமயம் பாயின்ட்டைப் பூட்டி வைத்துப் பூஜை செய்வதும் வேண்டாம். பல வங்கிகளில் இரண்டு மூன்று வருடத்தில் காலாவதி ஆகும், அதற்கு முன்பே வங்கி மதிப்பைக் குறைத்துவிடவும் கூடும். கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கும் மூன்று வருடம்தான் ஆயுள்.

படி 6: "உங்கள் பாயின்ட் இன்றிரவு காலாவதி"

இப்படி எஸ்.எம்.எஸ்.ஸோ வாட்ஸ்அப்போ வந்து, கூடவே ஒரு லிங்க்கோ இன்ஸ்டால் செய்யச் சொல்லும் ஏ.பி.கே. ஃபைலோ இருந்தால், அது மோசடி. வங்கி லோகோ அழகாகவே இருக்கும். அந்த ஆப் உங்கள் ஓ.டி.பி.யைப் படித்துக்கொண்டு கணக்கைக் காலி செய்யும். வீட்டில் பெரியவர்கள் போனிலும் இதைச் சொல்லி வையுங்கள். பாயின்ட் இருப்பைப் பார்க்க வேண்டும் என்றால் வங்கியின் ஆப்பை நீங்களாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். தப்பித் தவறி பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கிக்குச் சொல்லிக் கார்டை முடக்குங்கள்.

டிக்கெட் கைக்கு வந்ததும் பி.என்.ஆர். எண்ணை ஏர்லைனின் சொந்த தளத்தில் போட்டு ஒருமுறை பாருங்கள். போர்ட்டலில் எடுத்த டிக்கெட்டை ரத்து செய்ய ஏர்லைனுக்குப் போனால் "எங்கே வாங்கினீர்களோ அங்கேயே கேளுங்கள்" என்பார்கள், அதனால் போர்ட்டலின் உதவி எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்தால் ரூபாய் எவ்வளவு திரும்பும், பாயின்ட் திரும்புமா, இரண்டையும் பணம் கட்டும் முன்பே அதே பக்கத்தில் படித்துவிடுங்கள்.