வீட்டு பிராட்பேண்டில் டோருக்கு உதவலாமா? இன்ஸ்டால் பண்ணும் முன் பாருங்கள்

யார், எங்கிருந்து பார்க்கிறார் என்பதை மறைத்து, தடையையும் தாண்டி இணையம் பார்க்க உதவும் டோர் (Tor) வலையமைப்பு தன்னார்வலர்களின் கணினிகளை நம்பி ஓடுகிறது. நாமும் கை கொடுக்கலாம். ஆனால் எந்த வேலைக்கு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

படி 1: இணைப்பு யார் பேரில்?
திருப்பூர் பக்கம் பல வீடுகளில் பில் அப்பா பேரில் வரும். கீழே பவர் டேபிள் (பனியன் தைக்கும் மெஷின்) ஓடும், ஜிஎஸ்டி ரிட்டர்னும் அதே லைனில்தான் போகும். விசாரணை என்று வந்தால் ஐபி முகவரியை (இணைப்பின் அடையாள எண்ணை) வைத்து அவரைத்தான் கேட்பார்கள். அதனால் முதலில் அவரிடம் கேளுங்கள்: “ஏனுங்ப்பா, தடை போட்ட நாட்டுக்காரங்க நெட்டு பாக்க நம்ம லைன்ல வழி உடட்டுங்களா?” கரண்டு பில் ஏறுமா என்றுதான் முதலில் கேட்பார், அதற்கும் பதில் வைத்திருங்கள். ஹாஸ்டல், ஆபீஸ் வைஃபையில் அனுமதியில்லாமல் வேண்டவே வேண்டாம்.

படி 2: எந்த வேலை?
டோரில் தரவு பல ரிலேக்கள் (கைமாற்றிவிடும் கணினிகள்) வழியாகப் போகும். அதில் கடைசியாக வலைத்தளத்தைத் தொடும் எக்ஸிட் ரிலே வீட்டில் கூடவே கூடாது. யாரோ செய்யும் காரியம் உங்கள் முகவரியிலிருந்து செய்ததாகத் தெரியும். 2017இல் மாஸ்கோவில் எக்ஸிட் நடத்திய கணித ஆசிரியர் ஒருவரைக் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது, ஆனால் சிறையும் வீட்டுக்காவலும் அனுபவித்த பிறகுதான். டோர் திட்டமும் வீட்டில் எக்ஸிட் வேண்டாம் என்றே சொல்கிறது.

நடு ரிலேயில் குறியாக்கம் செய்த தரவு மட்டுமே போகும், ஆபத்து குறைவு. தொல்லை வேறு இடத்தில்: ரிலேக்களின் ஐபி பட்டியல் பொதுவில் இருக்கிறது. எக்ஸிட்டா இல்லையா என்று பார்க்காமல் மொத்தமாகத் தடுக்கும் தளங்கள் உண்டு. ரிட்டர்ன் கடைசி நாளில் தளம் திறக்காவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்னோஃப்ளேக் உலாவி நீட்டிப்புதான் என் சிபாரிசு. தடையுள்ள நாட்டில் இருப்பவர் உங்கள் உலாவி வழியாக டோரின் பிரிட்ஜுக்கு (நுழைவாயிலாக இருக்கும் கணினிக்கு) போவார். வலைத்தளங்களுக்கு உங்கள் ஐபி தெரியாது. உங்களோடு இணைபவருக்கும் டோரின் பிரிட்ஜுக்கும் தெரியும்.

படி 3: லைனைச் சோதியுங்கள்
ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் WAN ஐபி (ரூட்டருக்கு வெளியிலிருந்து கிடைக்கும் முகவரி) 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், கேபிள்காரர் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்கிறார். ரிலேவுக்கு அது ஆகாது. ஸ்னோஃப்ளேக் பெரும்பாலும் ஓடிவிடும். ‘அன்லிமிடெட்’ திட்டத்துக்கும் உச்சவரம்பு உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: ஓட விடுங்கள்
ஃபயர்பாக்ஸ் அல்லது குரோமில் நீட்டிப்பைச் சேர்த்து இயக்குங்கள். கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பேருக்கு உதவியது என்று அதுவே காட்டும். உலாவியை மூடினால் நின்றுவிடும். முதல் மாதம் ரூட்டரில் டேட்டா கணக்கைப் பாருங்கள். அதிகமாக ஏறினால் அணைத்துவிடலாம்.