கொழுந்துக் கணக்கு நிரலைப் பைத்தன் 3-க்கு மாற்றுவோம்: பிழை வகுப்புகளும் விழும் டெஸ்ட்களும்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் புதிதாக நிரல் எழுதப் பழகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மடுவத்தில் நிறுக்கும் தேயிலைக் கொழுந்தைப் பதிந்து, யாருக்கு முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), யாருக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்று கணக்குச் சொல்லும் சின்ன நிரல் ஒன்று பைத்தன் 2-இல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பைத்தன் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் நின்றுவிட்டது.

படி 1: எதையும் தொடுவதற்கு முன் பழைய பதிப்பிலேயே டெஸ்ட்களை (நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை நிரல்களை) ஓட்டி, முடிவைச் சேமித்து வையுங்கள். அங்கேயே விழும் டெஸ்டின் பழியைப் புதிய பதிப்பின் மேல் போடக் கூடாது.

படி 2: பிழையைப் பிடிக்கும் எக்செப்ட் வரிகளைத் திருத்துங்கள். பிழையின் பெயருக்கும் மாறிக்கும் நடுவே முன்பு கமா இருந்தது. இப்போது ‘ஆஸ்’ வேண்டும். பைத்தன் 3.14 அந்தக் கமாவை இலக்கணப் பிழையாகக் காட்டாது, மாறியின் பெயரையும் இன்னொரு பிழையின் பெயராக நினைத்து, இரண்டையும் பிடிக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே நீங்களே தேடித் திருத்துங்கள். ஸ்டாண்டர்ட்எரர் என்ற வகுப்பே இப்போது இல்லை. அதன் இடத்தில் எக்செப்ஷன் போதும்.

படி 3: பிழை வகுப்புகளை அமைப்பது. இங்கேதான் நிதானம் வேண்டும். பிழை எதனால் வந்தது என்பதை வைத்துப் பிரித்தால் வகுப்புகள் பெருகிக்கொண்டே போகும். அதைப் பிடிப்பவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துப் பிரியுங்கள். உச்சியில் ‘கொழுந்துப்பிழை’. அதன் கீழே இரண்டு: கணக்கப்பிள்ளை திருத்தித் தரவேண்டியது ‘பதிவுப்பிழை’, கோப்பில் எழுத முடியாமல் மறுபடி முயல வேண்டியது ‘சேமிப்புப்பிழை’. பைத்தன் 3 இப்படித் தமிழ்ப் பெயர்களையே ஏற்கும். எடை மைனஸில் வந்தாலும், இல்லாத ஆளின் இலக்கம் வந்தாலும் செய்வது ஒன்றுதான், திருத்தச் சொல்வது. அதற்குத் தனி வகுப்பு எதற்கு? செய்தி வரி போதும்.

பிடிக்கும்போது பிள்ளை வகுப்பை (கீழே உள்ளதை) முதலில் எழுதுங்கள். தாய் வகுப்பின் (உச்சியில் உள்ளதன்) எக்செப்ட் வரி முன்னால் இருந்தால் எல்லாவற்றையும் அதுவே பிடித்துக்கொள்ளும், பைத்தன் எச்சரிக்காது. பைத்தன் 3.3 முதல், கோப்பு வேலையில் வரும் ஐஓஎரர் என்பதும் ஓஎஸ்எரர் என்பதும் ஒன்றே. இரண்டுக்கும் தனித்தனி எக்செப்ட் இருந்தால் இரண்டாவது ஒருநாளும் ஓடாது. சேமிப்புப்பிழையை எழுப்பும்போது, பிழையை எழுப்பும் ‘ரெய்ஸ்’ வரியில் ‘ஃப்ரம்’ சேர்த்தால் மூலப் பிழையும் அழியாமல் கூடவே வரும்.

படி 4: டெஸ்ட்களை ஓட்டுங்கள், சில விழும். 5-ஐ 2-ஆல் வகுத்தால் முன்பு 2, இப்போது 2.5, பழைய விடை வேண்டுமானால் இரட்டைச் சாய்கோடு போடுங்கள். எடை பதியாமல் வெறுமையாக விட்ட இடம் (‘நன்’) பட்டியலில் இருந்தால், வரிசைப்படுத்தும் பழைய சோர்ட் பேசாமல் அதை முதலில் வைத்துவிடும். புதியது டைப்எரர் (வகை பொருந்தாத பிழை) எழுப்பும். நல்லதுதான், அதைப் பதிவுப்பிழையாக மாற்றி எழுப்புங்கள்.

எண்ணை முழு எண்ணாக்கும் ரவுண்ட் சார்புதான் ஆபத்தானது. 18.5 கிலோ முன்பு 19 ஆனது. இப்போது 18 ஆகிறது. ஆனால் 17.5 இரண்டிலும் 18. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பைத்தன் 3 பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளும். எதிர்பார்க்கும் விடையை 18 என்று மாற்றினால் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும், ஆனால் கூடை சுமந்து மலையேறியவரின் கணக்கில் ஒரு கிலோ குறைந்துவிடும். டெஸ்டைத் தொடாதீர்கள். எடையை எழுத்துச்சரமாக டெசிமல் என்ற வகுப்புக்குக் கொடுத்து, அதன் குவான்டைஸ் சார்பில் ‘ரவுண்ட்_ஹாஃப்_அப்’ (சரிபாதியை மேலே தள்ளு) என்று சொல்லுங்கள்.

அப்புறம், பிழை எழும்புகிறதா என்று பார்க்கும் டெஸ்டில் கொழுந்துப்பிழை என்று எழுதினால் எந்தப் பிள்ளை வகுப்பு வந்தாலும் பாஸ் ஆகும். பதிவுப்பிழை என்றே எழுதுங்கள்.