சீனிப் போத்தலை ஒளித்தால் போதாது: புற்றுநோய் வந்த வீடுகளில் நாம் விடும் தவறுகள்

மாமிக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த அந்தக் கிழமையே ஆரையம்பதி வீட்டுக் குசினியில் சீனிப் போத்தல் காணாமல் போனது. பார்க்க வந்த ஒருவர், "சீனிதான் கான்சருக்குச் சாப்பாடு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பிறகு வந்தவர்கள் ஆளுக்கொன்றைக் கழித்தார்கள். மீன் கிரந்தி, முட்டை சூடு, பால் சளி, கடைசியில் சோறும் சீனிதானே என்று அரைக் கோப்பையானது. மூன்றாவது கீமோவுக்குப் போன அன்று தராசில் ஏழு கிலோ குறைந்திருந்தது. உடம்பு தாங்காது, சாப்பிட்டுத் தேறி அடுத்த கிழமை வாருங்கள் என்று வைத்தியர் திருப்பி அனுப்பிவிட்டார். இவ்வளவு நாளும் விறாந்தையில் வெற்றிலை வட்டா வழமைபோல இருந்தது. புத்திமதி சொன்னவர்களில் பாதிப்பேர் ஒரு வாய் போட்டுக்கொண்டுதான் சொன்னார்கள். அந்தப் பாக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இதை எழுதவைத்தது அந்த வட்டாதான். அஞ்ச வேண்டிய பொருளை வந்தவருக்கு மரியாதையாக நீட்டிக்கொண்டே, வருத்தக்காரரின் வயிற்றைக் காயப்போடுகிறோம்.

சீனிக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதில் ஒரு உண்மை இருக்கிறது. புற்றுநோய்க் கலங்கள் சாதாரண கலங்களைவிட அதிகமாகக் குளுக்கோஸை இழுக்கின்றன என்பதை ஒட்டோ வார்பர்க் என்ற ஜேர்மன் விஞ்ஞானி 1920களிலேயே கவனித்தார். இன்று பெட் ஸ்கேன் எடுப்பதும் அதை வைத்துத்தான்: கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸை ஏற்றி, எந்த இடம் அதிகமாக இழுக்கிறது என்று பார்க்கிறார்கள். சரி, அப்படியென்றால் சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்குமா? கிடக்காது. இரத்தத்தில் குளுக்கோஸ் ஓர் அளவுக்குக் கீழே போக உடம்பு விடாது. சாப்பாடு வராவிட்டால் ஈரல் தானே செய்துகொடுக்கும், அதற்குத் தசையையும் கரைக்கும். கட்டிக்கு வேண்டியது கிடைத்துவிடும். இழப்பு முழுவதும் ஆளுக்குத்தான். மாமியின் ஏழு கிலோவில் பெரும்பகுதி கையிலும் தொடையிலும் இருந்த தசை என்பதை, அவரைக் கதிரையிலிருந்து தூக்கிவிட்டபோதே உணர்ந்தேன்.

அதற்காகச் சீனி நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதன் கெடுதல் வேறு வழியால், வருடக்கணக்கில் வருவது. நாளுக்கு ஐந்தாறு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி, கூடவே பணிஸ், இரவில் வயிறு நிறையப் புட்டு, அதன்மேல் அசையாத வாழ்க்கை. இதனால் வயிற்றில் கொழுப்புச் சேரும். கொழுப்புக் கூடக்கூட இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காது, கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கும். இன்சுலின் சீனியைக் குறைக்கும் ஹோர்மோன் மட்டும் என்று நினைப்பது தவறு. கலங்களுக்கு 'வளர், பெருகு' என்று சொல்வதும் அதுதான். அந்தக் கட்டளை வருடக்கணக்காக ஓயாமல் போய்க்கொண்டிருப்பதுதான் ஆபத்து. ஆகவே நாற்பது வயதில் நலமாக இருப்பவருக்குச் சீனியைக் குறை என்று சொல்வது சரியான புத்திமதி. அதையே கீமோ ஏறும் ஒருவருக்குச் சொல்லி, மீனையும் முட்டையையும் சேர்த்து மறித்தால் அது அநியாயம். அவருக்கு மீன், முட்டை, பருப்பு, தயிர் எல்லாம் வேண்டும். ஒரேயடியாக முடியாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை.

சீனி வருத்தமும் சேர்ந்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வாந்தியைத் தடுக்கக் கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெதசோன் இரத்தச் சீனியைச் சட்டென்று ஏற்றிவிடும். சாப்பாடு இறங்கவில்லை என்று சீனிக் குளிசையைத் தாங்களாகவே விடுவதும், பயந்துபோய்க் கூட்டிப் போடுவதும் இரண்டும் பிழை. கிளினிக்கில் கேளுங்கள்.

சோயா மீட்டுக்கும் இதே கதிதான். அதில் ஈஸ்ட்ரஜன் இருக்கிறதாம், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தொடவே கூடாதாம். சோயாவில் இருப்பது ஈஸ்ட்ரஜனைப் போன்ற சாயலுள்ள தாவரப் பொருள், அது நம் உடம்பின் ஹோர்மோன் இல்லை. சீனாவின் ஷங்காய் நகரில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 5,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. மீனுக்கும் இறைச்சிக்கும் வழியில்லாத வீட்டில் சோயாவையும் பறித்தால் புரதத்துக்கு எங்கே போவது?

ஈஸ்ட்ரஜனைத் தேடுகிறவர்கள் சட்டியை விட்டு இடுப்பைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு சூலகம் ஈஸ்ட்ரஜன் சுரப்பதை அநேகமாக நிறுத்திவிடுகிறது. அப்புறம் அதைச் செய்யும் முக்கிய இடம் கொழுப்புத்தான். கொழுப்பிலுள்ள அரோமட்டேஸ் என்ற நொதியம் வேறு ஹோர்மோன்களை ஈஸ்ட்ரஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய்க்கும் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கும் உடற்பருமன் காரணமாவது இதனால்தான். அதிக கொழுப்போடு தொடர்புள்ளவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016இல் 13 வகைப் புற்றுநோய்களைச் சொன்னது. பெருங்குடல், கணையம், பித்தப்பை, சிறுநீரகம் எல்லாம் அதில் வருகின்றன. "மூன்று பெத்த வயிறு, கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்" என்று நாம் சமாதானம் சொல்கிறோம். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்குப் பெண்ணில் 80 சென்றிமீற்றர், ஆணில் 90 என்பதுதான் இடுப்பளவின் எல்லை. தையல் மெஷினில் கிடக்கும் நாடாவை எடுத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்த பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் வைத்தியரிடம் போக வேண்டும். "திரும்ப வந்திருக்கு, நல்லதுதானே" என்று ஒரு பெரியம்மா எட்டு மாதம் இருந்ததை நான் அறிவேன். வெட்கத்தில் மகளிடம்கூடச் சொல்லவில்லை.

"நான் நாலு பிள்ளைக்குப் பால் குடுத்தவள், எனக்கு வராது" என்பதும் நம் ஊரில் அடிக்கடி கேட்பது. பால் கொடுப்பது உண்மையிலேயே காப்புத்தான். 30 நாடுகளின் தரவுகளைச் சேர்த்து 2002இல் வெளியான ஆய்வில், பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைவாக இருந்தது. குறைந்தது, இல்லாமல் போகவில்லை. கட்டி தட்டுப்பட்டும் இந்த நம்பிக்கையில் காத்திருந்து காலம் கடந்து வருகிறார்கள். இதன் மறுபக்கமும் இருக்கிறது: மெலிந்த, நடக்கிற, வெற்றிலை தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. ஆகவே நோயாளியின் கட்டிலருகே நின்று "என்ன சாப்பிட்டாய், ஏன் வந்தது" என்று விசாரிக்காதீர்கள். அந்தக் கேள்வியால் ஆகப்போவது ஒன்றுமில்லை, அழுகை மட்டும் மிஞ்சும்.

நான் அதிகம் கவலைப்படுவது குளிசையைப் பற்றித்தான். சத்திரசிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்ததும் மாமிக்குத் தமொக்சிபென் எழுதினார்கள், நாளுக்கு ஒன்று, ஐந்து வருடம். ஹோர்மோனை ஏற்கும் வகைக் கட்டிகளுக்கு இது கொடுக்கப்படும். கலத்தில் ஈஸ்ட்ரஜன் அமரும் இடத்தைப் பிடித்து அதை அமரவிடாமல் தடுக்கும். ஐந்து வருடம் எடுத்தவர்களில் அந்த நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, அந்தப் பலன் 15 வருடம் வரை நீடித்தது. இவ்வளவு பெரிய உதவி பிஸ்கட் ரின்னுக்குள் கிடந்ததை ஒரு நாள் கண்டேன். பதினொரு கார்ட், ஒன்றிலும் கை படவில்லை. கேட்டால், "ஒரே அவிச்சலா இருக்கு மனே, இரவில சீலையெல்லாம் நனையுது. நோவும் இல்ல, கட்டியும் இல்ல, பிறகு எதுக்கு?" என்றார். நோவைப் போக்கும் குளிசை என்று நினைத்துவிட்டார். இனி வராமல் காவல் நிற்கும் குளிசை என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை, நானும்தான் சொல்லவில்லை. அவிச்சலுக்கு வைத்தியரிடம் வழி இருக்கிறது, சிலருக்கு மருந்தையே மாற்றிக் கொடுப்பார்கள். இந்தக் குளிசை எடுக்கும்போது இரத்தப்போக்கு வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும், ஆனால் தாமாக நிறுத்தக் கூடாது. படுவான்கரைப் பக்கமிருந்து பஸ் பிடித்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு வருபவர்களுக்கு ஒரு கிளினிக் தவறினால் குளிசையும் தீர்ந்துவிடுகிறது. குளிசை தீரும் திகதியைக் கலண்டரில் குறித்துவைத்து, அதற்கு முதல் யாராவது மருந்துத் துண்டைக் கொண்டுபோய் விசாரித்தால் அந்த இடைவெளி வராது. நாட்டுமருந்து எடுப்பவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது, வருத்தக்காரரை அசையவிடாமல் படுக்கையில் வைத்துக் காப்பது. பாசத்தால் செய்வதுதான். ஆனால் 2025இல் வெளியான ஓர் ஆய்வு என் எண்ணத்தையே மாற்றியது. பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ முடித்த 889 பேரில் ஒரு பகுதியினருக்கு மூன்று வருடம் ஆள் வைத்து உடற்பயிற்சி செய்வித்தார்கள், மற்றவர்களுக்கு ஆலோசனைப் புத்தகம் மட்டும் கொடுத்தார்கள். எட்டு வருடத்தில் பயிற்சி செய்தவர்களில் 90.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்களில் 83.2 சதவீதம். பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கிழமையில் மூன்று நான்கு நாள் முக்கால் மணித்தியாலம் வேகமாக நடந்தாலே போதும். தசை வேலை செய்தால் இன்சுலின் தணியும் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். மாமி முதலில் முற்றத்தில் நடந்தார், பிறகு கோயில் வரை. இப்போது பின்னேரங்களில் கல்லடிக் கடற்கரைக்கு வருகிறார், மணலை விட்டுத் தார் வீதியால். ஆட்கள் பார்ப்பார்கள் என்ற கூச்சம் போக இரண்டு மாதம் எடுத்தது. வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், அவ்வளவுதான்.

இனி அந்த வட்டா. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தான் போடுகிறேன் என்று மாமாவைப் போல நிறையப் பேர் சொல்கிறார்கள். பாக்கே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று, முன்பு சொன்ன சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. முதலில் கறி உறைப்புத் தாங்காமல் வாய் எரியும், பிறகு வாய் திறக்கும் அளவு குறையும். மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் விட முடியவில்லையென்றால் அது நல்ல அடையாளமில்லை. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு கிழமை கடந்தும் ஆறாத புண், இவை நோவாமலேயே இருக்கும். நோவில்லை என்பதாலேயே விட்டுவிடுகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் வைத்தியப் பிரிவில் காசில்லாமல் வாயைப் பார்த்துச் சொல்வார்கள். மாமா போன மாதம்தான் போனார், கன்னத்தின் உட்பக்கத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, துண்டெடுத்துச் சோதிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.