ஊர்க் கூட்டத்தில் எச்ஐவி பற்றிப் பேசுவது எப்படி?

“தொட்டால் எய்ட்ஸ் பரவாது” என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அதை நம்பிக் கூட்டத்தை முடித்துவிடாதீர்கள். “எச்ஐவி இருப்பவர் கடையில் காய்கறி வாங்குவீர்களா? அவர் பிள்ளையோடு உங்கள் பிள்ளை சேர்ந்து சாப்பிடலாமா?” என்று கேளுங்கள். தயக்கம் அங்கேதான் வெளிவரும்.

10 முதல் 15 பேர் போதும். ஆண்களும் பெண்களும் முதலில் தனித்தனியாக உட்காரட்டும். கலந்து உட்கார்ந்தால் உடலுறவு பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். எழுதத் தெரியாதவர்களும் பதில் சொல்லத் துணி மூடிய 2 பானைகள் வையுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஆளுக்கு ஒரு கறுப்பு விதை, ஒரு வெள்ளை விதை. சம்மதம் என்றால் முதல் பானையில் கறுப்பு, தயக்கம் என்றால் வெள்ளை. மிஞ்சிய விதையை இரண்டாம் பானையில் போட்டுவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் கையில் இருக்கும் விதையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அடுத்த முறை யாரும் உண்மையைப் போடமாட்டார்கள்.

முதல் பானையை எல்லார் முன்னும் கொட்டி எண்ணுங்கள். வெள்ளை விழுந்த கேள்வியை மட்டும் பேசினால் போதும். பாதுகாப்பற்ற உடலுறவு, பகிர்ந்த ஊசி, தொற்றுள்ள ரத்தம், தாயிடமிருந்து குழந்தை: பரவும் வழி இவைதான். காரணத்தோடு சொல்லுங்கள். கொசு ஏன் பரப்பாது? அதன் உடலில் இந்த வைரஸ் பெருகாது. ஒருவரிடம் குடித்த ரத்தத்தை அது இன்னொருவர் உடலில் செலுத்துவதும் இல்லை.

மண்டையோட்டுப் படம் வேண்டவே வேண்டாம். பயந்தவர் பரிசோதனைக்கு வருவதில்லை. தினமும் எச்ஐவிக்கான மாத்திரை சாப்பிட்டு, பரிசோதனையில் வைரஸ் தென்படாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. சிகிச்சை இல்லாதபோது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையான சிகிச்சையால் அதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரலாம்.

“பாவம், ஒன்றும் அறியாத குழந்தை” என்று பேசுபவரே சொல்லிவிடுவது உண்டு. அப்படியானால் மற்றவர்களுக்கு வேண்டியதுதான் என்று ஆகிவிடுகிறது. அந்தச் சொல்லைத் தவிருங்கள்.

“நம்ம ஊரில் யாருக்கு இருக்கு?” என்ற கேள்வி கட்டாயம் வரும். பெயர் மட்டுமல்ல, எண்ணிக்கைகூடச் சொல்லாதீர்கள். சின்ன ஊரில் எண்ணிக்கையே வீட்டைக் காட்டிவிடும். எய்ட்ஸ் என்று எழுதிய வண்டியில் யார் வீட்டு வாசலிலும் போய் இறங்காதீர்கள். தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க, அருகில் சிகிச்சை மையம் இருந்தும் தொலைவுக்குப் போகிறவர்கள் உண்டு. பேருந்துச் செலவோடு ஒரு நாள் கூலியும் போகும், நாளடைவில் மாத்திரையும் நின்றுவிடும். முகாம் நடத்தினால் சர்க்கரை, ரத்த அழுத்தச் சோதனையோடு சேர்த்து நடத்துங்கள். எச்ஐவி சோதனைக்கான சம்மதத்தைத் தனி அறையில் கேட்டு, முடிவையும் அங்கேயே சொல்லுங்கள்.

ஒரு மாதம் கழித்து அதே ஆட்களிடம், அதே கேள்விகளோடு பானையை மறுபடி வையுங்கள்.