கீமோ ஏறும்போது சிஸ்டரிடம் சொல்ல வேண்டியவை

கீமோ (புற்றுநோய் மருந்து) ஏற்றும் வார்டில் பலர் செய்யும் தவறு ஒன்றுதான்: “பாவம், சிஸ்டர் வேலையாக இருக்கிறார்” என்று கை எரிவதைப் பொறுத்துக்கொள்வது. எதைச் சகிக்கலாம், எதைச் சகிக்கவே கூடாது என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

மருந்து தொடங்குமுன் பெயரை மறுபடி மறுபடி கேட்பார்கள். சலிக்காமல் முழுப் பெயரைச் சொல்லுங்கள். பையில் ஒட்டிய சீட்டோடு ஒத்துப்பார்க்கிறார்கள். சென்ற முறையைவிட எடை குறைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். உயரம், எடையை வைத்துத்தான் பெரும்பாலான மருந்துகளின் அளவு கணக்கிடப்படுகிறது. மார்பக அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால், எந்தப் பக்கம் என்று ஊசி குத்துமுன்பே சொல்லிவிடுங்கள்.

அதிகக் கவனம் வேண்டியது ‘சிவப்பு மருந்து’, அதாவது டாக்சோரூபிசின். ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் தோலும் சதையும் வெந்து புண்ணாகும். எரிச்சல், இறுக்கம், ஊசியைச் சுற்றி வீக்கம், சொட்டு மெதுவாவது: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே கூப்பிடுங்கள். சிஸ்டர் மருந்தை நிறுத்துவார், ஆனால் ஊசியை உடனே எடுக்க மாட்டார். கசிந்ததை அதன் வழியாகவே உறிஞ்சி எடுக்கப் பார்ப்பார். நீங்களாகத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். டாக்சோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிறிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்துக்குச் சூடு. மாற்றி வைத்தால் கெடுதல். பாத்ரூம் போக எழும்போது டியூப் இழுபடுவதும் கசிவுக்கு வழி. துணைக்கு வந்தவர் ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ளட்டும்.

ஏறுவது பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து என்றால் முதல் இரண்டு தடவைகளில், தொடங்கிய சில நிமிடங்களுக்குள் ஒவ்வாமை வரலாம். முகம் சிவந்து சூடாவது, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், திடீர் முதுகுவலி. “ஏசி ஒத்துக்கவில்லை போல” என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

சிவப்பு மருந்துக்குப் பின் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தமல்ல, மருந்தின் நிறம். 48 மணி நேரம் வரை, கழிப்பறை போகும் ஒவ்வொரு முறையும் மூடியை மூடி இரண்டு தடவை தண்ணீர் விடுங்கள்.

கிளம்புமுன் வார்டின் இரவு நேர போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மருந்து ஏறிய 7 முதல் 14 நாளுக்குள், கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள் மிகக் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் கூப்பிட வேண்டும். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருந்தால், மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். கிருமி உள்ளே பரவிக்கொண்டிருக்கும்.