அப்பாவின் மொறிஸ் மைனரை எழுப்புவதற்கு முன்

ஊரில் நெடுநாள் நின்றுபோன பழைய காரை விடுமுறையில் ஓட்ட நினைப்பவர்கள், வந்திறங்கிய அன்றே அதை ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் அப்பாவின் 948 சிசி மொறிஸ் மைனர் ஆறு வருடங்களாகக் கொட்டகையில் நின்றது. தன் மகள் அந்தக் காரில்தான் கலியாணத்துக்குக் கோயிலுக்கு வரவேண்டும் என்று மாமா பிடிவாதமாக நின்றார். அப்பாவின் கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர் அவர். ரொறன்ரோவிலிருந்து மூன்று கிழமைக்கு வந்த நான் எந்த முகத்தோடு மறுப்பேன்?

புதிய பற்றரியைப் பூட்டி ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தோம். மாரிக்கால ஈரத்தில் பிஸ்டன் வளையங்கள் துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டியிருந்ததால் எஞ்சின் அசையவில்லை; ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் பிளைவீலில் இறுகிக்கொண்டது. முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, ஹாண்டில் போட்டு மெதுவாகக் கையால் சுற்றியிருக்க வேண்டும். இதை மெக்கானிக் பிறகுதான் செய்தார்.

அதன் பின்னும் பெற்றோல் பம்பின் 'டிக் டிக்' சத்தம் கேட்கவில்லை. அதன் பொயின்றுகள், அதாவது மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனைகள், கறுத்திருந்தன. பழைய பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரை அடைத்திருந்தது. தாங்கியை வெறுமையாக்கிக் கழுவாமல் புதிய பெற்றோலை ஊற்றுவதில் பயனில்லை. பிறேக் சிலிண்டர்களும் இறுகியிருக்கும் என்பதால், எஞ்சின் ஓடினாலும் அவற்றைச் சோதிக்காமல் படலையைத் தாண்டாதீர்கள்.

இன்னொன்றை மிகக் கவனமாகப் பாருங்கள். அந்தக் காலத்து மொறிஸ் மைனர்களில் பற்றரியின் நேர்முனையே காரின் உலோகப் பொடியில் இணைக்கப்பட்டிருக்கும்; இக்கால வாகனங்களில் எதிர்முனைதான் அப்படி இருக்கும். ஸ்டார்ட் செய்வதற்காக இக்கால வான் வண்டியின் பற்றரியிலிருந்து வயர் கொடுக்கும்போது இரண்டு வாகனங்களின் பொடிகளும் ஒன்றையொன்று தொட்டால் பற்றரி நேரடியாகச் சோர்ட் ஆகிவிடும்.

என்னுடைய இருபத்தொரு நாட்களில் பதினொரு நாட்கள் கராஜில் கழிந்தன. பொம்பிளை வாடகை வானில் கோயிலுக்குப் போனாள். மாமா என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. நீங்கள் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னரே நம்பிக்கையான மெக்கானிக்கிடம் பொறுப்பைக் கொடுங்கள், இன்ன நாளில் கார் ஓடும் என்று உறவினர் எவருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அப்பா ஒவ்வொரு ஞாயிறும் அதை ஸ்டார்ட் செய்து, சந்திவரை ஓட்டிவிட்டு எனக்குத் தொலைபேசி எடுப்பார். "இண்டைக்கும் ஒரே இழுவையில ஸ்டார்ட் வந்திட்டுது" என்பார். வேலைக்கு நேரமாகிறது என்று நான் வைத்துவிடுவேன்.